பாதி வாழைப்பழமும் கீரைத் தண்ணியும்

ஹலோ... ஹலோ... டயாலிசிஸ் வார்டுதானே? பெரிய சிஸ்டர் இருக்காங்களா?... நீங்கதானா! அப்பாடா. நான்தான் சிஸ்டர், ஜன்னலோர பெட் அம்மாவோட வீட்டுக்காரர்... ஆமா, ஆமா, ஸ்கூல் வேன்காரர்தான்.

இல்ல சிஸ்டர், நாளைக்கு டயம் மாத்தக் கேக்கல. நாளைக்கு எப்பவும் போல வந்துடுவோம். ஒரே ஒரு சந்தேகம். பாதி வாழைப்பழம் சாப்பிட்டா என்ன ஆகும்?... பாதி. முழுசு இல்ல... நானா? நான் சாப்பிட்டதுக்கா உங்களுக்குப் போன் பண்ணுவேன்? அவ சிஸ்டர், எங்க வீட்டு மகாராணி. திருட்டுத்தனமா தின்னிருக்கா. தலகாணி உறையை மாத்தலாம்னு தூக்கினா அடியில தோலு! மிச்சப் பாதியைப் பேப்பர்ல சுத்தி வேற வச்சிருக்கா, பக்கத்து வீட்டம்மா குடுத்தாங்களாம்.

ஆமா... ஆமா... தெரியும், நீங்க படிச்சுப் படிச்சு சொன்னீங்க. வாழைப்பழம் கூடவே கூடாதுன்னு. நான் வாழைப்பழக் கடை இருக்கிற தெருவுல வேனைக்கூட நிறுத்துறதில்ல. அவ கண்ணுல பட்டுடக் கூடாதுன்னு. அவ்வளவு பண்ணியும் இப்படிப் பண்ணிட்டாளேன்னு எனக்குத் தாங்கல. கத்திட்டேன். மிச்சத்தைப் பிடுங்கி ஜன்னல் வழியாத் தூக்கிப் போட்டுட்டேன்... காலைல. வேன் ட்ரிப் முடிஞ்சு வந்த உடனே.

இப்பவா? இப்ப படுத்திருக்கா. அதான் சிஸ்டர், அதுக்குத்தான் போன் பண்ணேன். எழுந்திருக்க மாட்டேங்குறா. பாத்ரூம் போகணும்னு சொன்னா, கையைக் குடுத்துத் தூக்கினேன், காலு துணி மாதிரி மடங்குது... இல்ல, விழல, பிடிச்சுட்டேன். மொதல்ல நடிக்கிறான்னு நினைச்சேன். நான் திட்டினதுக்குக் கோவத்துல பண்றான்னு... உதடா? இருங்க.

ஏய், இங்க பாரு. உதடு எப்படி இருக்கு? மரத்துப் போகுதா?... ஆமாங்குறா சிஸ்டர். உதட்டைச் சுத்தி எறும்பு ஊர்ற மாதிரி இருக்காம். விரல் நுனியிலயும்... மூச்சு வாங்குது, கொஞ்சம்.

நாடியா? எனக்குப் பார்க்கத் தெரியாதே... சொல்லுங்க, பார்க்கறேன். மணிக்கட்டு... கட்டைவிரல் பக்கம்... இந்தக் கை வேணாமா? ஓ, ஆமா, அது மெஷினுக்கு ஊசி போடுற கை. அந்தக் கையைத் தொடல. இந்தப் பக்கம்... கிடைச்சுது. அடிக்குது. அடிக்குது... நிக்குது. அடிக்குது... ரெண்டு சேர்ந்து அடிக்குது... சிஸ்டர், இது சரியில்லையே. பழைய இஞ்சின் மிஸ் ஆகுற மாதிரி விட்டு விட்டு அடிக்குதே!

சிஸ்டர்?... அங்க யார்கிட்ட பேசறீங்க? ஆம்புலன்ஸா?... இல்ல இல்ல, எதுக்கு ஆம்புலன்ஸ், வேன் கீழேயே நிக்குது, பத்து நிமிஷத்துல நானே கொண்டு வந்துடுவேன். அவளை நான் தவிர யாரும் வண்டியில ஏத்தினதே இல்ல... சரி... வழியில ஏதாவது ஆச்சுன்னா... சரி, சரி. இதயத்தைப் பார்க்கிற மெஷின் அதுல இருக்கு. சரி. அனுப்புங்க. பேக்கரிக்கு எதிர்ச் சந்து, பச்சை கேட்டு, ரெண்டாவது மாடி. லிப்ட் வேலை செய்யல, அதைச் சொல்லிடுங்க. ஸ்ட்ரெச்சர் திரும்புமான்னு தெரியல... சரி, நான் கட் பண்ணல. கட் பண்ணல.

ஒரு பாதிப் பழம் சிஸ்டர்! ஒரு பாதிப் பழம் இவ்வளவு பண்ணுமா?... பண்ணாதா? அப்புறம்?... வேற என்ன சாப்பிட்டான்னா? வேற ஒண்ணுமே தப்பா சாப்பிடல. அதுல நான் கண்கொத்திப் பாம்பா இருக்கேன். தக்காளி? ம்ஹூம். உருளைக்கிழங்கு? வீட்டுக்குள்ளயே வரல. ஜூஸ்? ஐயோ, கிடையாது. உப்புக்குப் பதிலா விக்கிற உப்பா? இல்ல. கீரை. வெறும் கீரைதான் குடுக்கறேன்.

பசலைக்கீரை... தினமும்... போன வாரத்துலேர்ந்து. ரத்தம் கம்மியா இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க? நான் சும்மா குடுக்கல சிஸ்டர். போன்ல போட்டுப் பார்த்தேன். ஒரு பக்கம் வாழைப்பழம், ஒரு பக்கம் கீரை, பக்கத்துல பக்கத்துல. சக்கரை யார்கிட்ட ஜாஸ்தி? பழத்துகிட்ட. இரும்பு யார்கிட்ட? கீரைகிட்ட. சுண்ணாம்புச் சத்து? கீரை. ஒவ்வொண்ணுலயும் கீரைதான் ஜெயிச்சுது. பழம்தானே ஆகாது, இலை என்ன பண்ணப் போகுதுன்னு...

பொட்டாசியமா? அதுதான் ரத்தத்துல ஏறி இதயத்தைப் பிடிக்குதா? அதைப் பார்க்கல. அது பழத்தோட சமாச்சாரம்னு... உங்க வார்டு சுவத்துல வாழைப்பழத்தைத்தானே பெருசா போட்டு சிவப்புல அடிச்சிருக்கீங்க? கீரை எங்க இருக்கு?... கீழேயா? எங்க கீழே?... தண்ணி கேன் வச்சிருக்கீங்களே, அதுக்குப் பின்னாடியா! அதை யாரு சிஸ்டர் குனிஞ்சு பார்த்தா?

எவ்வளவு? ஒரு வேளைக்கு ரெண்டு கட்டு... ரெண்டு கட்டு பார்க்கத்தான் ஜாஸ்தி. பாத்திரம் வழிய வழியப் போட்டாலும் வெந்ததும் அடியில போய் உக்காந்துக்குது. ஒரு கிண்ணம்தான் வரும். அதைத்தான்... என்னது?... ஒரு கிண்ணம் வெந்த கீரைல... ரெண்டு வாழைப்பழம் அளவுக்கா?

விளையாடாதீங்க சிஸ்டர்.

இன்னைக்கு மதியமும் குடுத்தேன். சாயங்காலமும் குடுத்தேன்.

... ம்... ம்... கேக்குது. இருக்கேன்... வேக வச்ச தண்ணியா? அதை வீணாக்கல. சத்தெல்லாம் தண்ணியிலதானே இறங்குது, கொட்டுவாங்களா? அவளுக்குக் குடிக்கிற தண்ணிக்கு அளவு சொல்லியிருக்கீங்க இல்ல, அந்த அளவு தாண்டல. வெறும் தண்ணியைக் குறைச்சுட்டு, அதுக்குப் பதிலா இதை டம்ளர்ல ஊத்தி...

கொட்டணுமா? அந்தத் தண்ணியத்தான் கொட்டணுமா? பொட்டாசியம் அதுல இறங்கும்னுதான் வேக வச்சுக் கொட்டச் சொல்வீங்களா?

நான் பக்கத்துல உக்காந்து கடைசிச் சொட்டு வரைக்கும் குடிக்க வச்சேன் சிஸ்டர். அவ மூஞ்சியைச் சுளிச்சா, டம்ளரைக் கையில பிடிச்சுகிட்டு, "ஒரு வாய், இன்னும் ஒரு வாய்"னு... நானே... நானே சிஸ்டர்...

இல்ல, அழல. அழல. சொல்லுங்க... கதவைத் திறந்து வைக்கணும். திறந்துட்டேன். பழைய ரிப்போர்ட், மாத்திரைச் சீட்டு... பையில இருக்கு. குடிக்க ஒண்ணும் குடுக்கக் கூடாது. சரி. படுக்க வச்சே இருக்கணும். சரி... அவ பிழைச்சுடுவாளா? நேரா சொல்லுங்க சிஸ்டர், எனக்கு மழுப்பல் வேணாம்... நேரத்துக்கு வந்துட்டா ஊசி போடுவீங்க, உடனே மெஷின்ல போடுவீங்க. ம். நேரத்துக்கு வந்துட்டா. ம்.

ஏய், நீ ஏன் எழுந்திருக்கப் பார்க்கற? படு. படும்மா... என்ன?... என்ன சொல்ற?

சிஸ்டர், இவ என்கிட்ட மன்னிப்புக் கேக்குறா. பழம் தின்னதுக்கு. "இனிமே தின்ன மாட்டேன், கோவிச்சுக்காதீங்க"ங்குறா. நான் காலைல என்ன சொன்னேன் தெரியுமா? "சாகணும்னு ஆசையா இருந்தா என்கிட்டயே சொல்லு"ன்னு கத்தினேன். பக்கத்து வீடு வரைக்கும் கேட்டிருக்கும். நீங்க சொல்லுங்க சிஸ்டர். ஸ்பீக்கர்ல போடறேன், பழத்தால இல்லன்னு நீங்க சொல்லுங்க. நான் சொன்னா சமாதானத்துக்குச் சொல்றேன்னு நினைப்பா... நானேவா?... என்னால முடியாது சிஸ்டர்... சரி. சரி. நானேதான் சொல்லணும். ஒரு நிமிஷம்.

இங்க பாரு. என்னைப் பாரு. பழத்தால இல்ல. உன் மேல தப்பே இல்ல. நான் குடுத்த கீரை. அந்தத் தண்ணி. அதுதான் பண்ணிடுச்சு. நான்தான் பண்ணேன்... தலைய ஆட்டாத, நிஜமாத்தான் சொல்றேன். சிஸ்டர் சொன்னாங்க... உனக்குத்தான் அது பிடிக்கவே இல்லையே, வாயத் திறந்து வேணாம்னு சொல்லியிருக்கலாம் இல்ல?

... என்ன?... கேக்கல, காதுல சொல்லு...

சிஸ்டர்... சிஸ்டர், லைன்ல இருக்கீங்களா... இவ என்ன சொல்றா கேளுங்க. கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒரு டீ கூடப் போட்டுத் தராத மனுஷன், ஆசையா நின்னு கீரை ஆய்ஞ்சு, அடுப்புல சூடு பட்டுக் குடுக்கறீங்க, எப்படி வேணாம்னு சொல்றதுங்குறா. குமட்டுமாம். வாய் கசப்புப் போகாதாம். அந்தக் கசப்பு போகத்தான் பாதிப் பழம்... அதுக்குத்தான் சிஸ்டர் அந்தப் பழம்! நான் ஒரு...

சத்தம் கேக்குது. சந்துல திரும்பிடுச்சு... வந்துட்டாங்க. ஏங்க, இங்க, ரெண்டாவது மாடி, இங்க! பார்த்து, அந்தப் படி உடைஞ்சிருக்கு!... சிஸ்டர், நானும் கூட ஏறிக்கலாமா?... சரி. அவ கையைப் பிடிச்சுக்கறேன். தெரியும், ஊசிக் கை இல்ல, இந்தக் கை.

வைக்கிறேன் சிஸ்டர். ஒரே ஒண்ணு. அந்த ஜன்னலோர பெட்... யாருக்கும் குடுத்துடாதீங்க. அவ வந்துகிட்டு இருக்கா.