நாற்பத்தொரு கறுப்புக் கட்டங்கள்

எழுதும்போது நடுநடுவே நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கறீங்க சார், அதுக்கே ஒரு நன்றி. ஆறு வருஷமா கறுப்புக் கட்டங்களோட பேசினவனுக்கு இது பெரிய விஷயம்.

ஆன்லைன் பல்கலைக்கழகத்துல நான் மேலாளர். என் கீழ நாப்பத்தோரு ஆசிரியர்கள், அவங்கவங்க வீட்ல இருந்தே பாடம் நடத்துவாங்க. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கூட்டம். நான் வணக்கம் சொன்னா திரையில நாப்பத்தோரு கறுப்புக் கட்டம். ஒருத்தரும் கேமரா போட மாட்டாங்க. ஒரு தடவை யாரோ மைக்கை அணைக்க மறந்து, நான் பேசி முடிக்கற வரைக்கும் மிக்ஸி ஓடிச்சு.

ஆனா புள்ளியியல் டீச்சர் வாயைத் திறந்தா போதும், பட்பட்னு கட்டமெல்லாம் முகமா மாறும். வயசுல மூத்தவங்ககூட அவங்களை 'அக்கா'ம்பாங்க. எனக்கு வெச்ச பேர் 'சிவப்புப்புள்ளி சார்'. மாணவர் கேள்வி அனுப்பினா இருபத்தி நாலு மணி நேரத்துல பதில் போகணும். இல்லேன்னா ஆசிரியர் பேருக்குப் பக்கத்துல சிவப்புப் புள்ளி விழும். ஏன்னு கேக்கறது என் வேலை. வேலையைச் செஞ்சவனுக்குப் பட்டப்பேர், இனிக்க இனிக்கப் பேசறவங்க அக்கா. வயிறு எரியுமா எரியாதா?

போன மாசம் இயக்குநர் கூப்பிட்டார். "பதவியை நாங்க குடுத்துடலாம், மதிப்பை நீங்கதான் சம்பாதிக்கணும். உங்க பேச்சு எடுபடலையே. துறைத் தலைமையை டீச்சருக்குக் குடுக்கலாம்னு இருக்கேன். வெள்ளிக்கிழமை சொல்லிடறேன்"னார். எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. சிரிச்சுக்கிட்டே சரின்னேன்.

எங்க சிஸ்டத்துல 'தரப் பரிசோதனை'ன்னு ஒரு பட்டன் உண்டு. அழுத்தினா மாணவர் கேள்வி ஆசிரியருக்குப் போகாம என்கிட்ட நிக்கும். ஆனா கடிகாரம் நிக்காது, ஆசிரியர் பேர்ல ஓடிக்கிட்டே இருக்கும். அந்தக் கோளாறு எனக்கு மட்டும்தான் தெரியும். வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு டீச்சர் பேர்ல அதை அழுத்தினேன். நாலு புள்ளி விழுந்தா அக்கா வேஷம் கலைஞ்சிடும், அவ்வளவுதான்.

முதல் மூணும் பாடக் கேள்வி. நாலாவது பத்து பதினேழுக்கு வந்தது. "டீச்சர், நாளைக்குக் காலையில என்னை எங்கயோ கூட்டிட்டுப் போறேங்கறார். இந்தத் தடவை உயிரோட விட மாட்டார். கீழே எங்க அண்ணன் நம்பர் இருக்கு. உடனே வரச் சொல்லுங்க."

அந்தப் பொண்ணோட பழைய கேள்விகளையும் எடுத்துப் பார்த்தேன். புருஷன் போனைப் பிடுங்கி வெச்சிருக்கான். பட்டம் வாங்கினா வேலைக்கு அனுப்பலாம்னு இந்தப் பாடப் பக்கத்தை மட்டும் விட்டு வெச்சிருக்கான். "எதுவானாலும் இந்தக் கேள்விப் பெட்டியில எழுதும்மா, நான் பார்த்துக்கறேன்"னு டீச்சர் பதில் போட்டிருந்தாங்க.

திரும்பவும் படிச்சேன். அனுப்பியிருந்தா டீச்சர் ஒரே போன்ல உயிரைக் காப்பாத்தின தெய்வமாயிருப்பாங்க. அப்புறம் என்னை யார் சீண்டுவா? ஒவ்வொரு கேள்விக்கும் வகை குறிக்கணும். 'பாடத்துக்குச் சம்பந்தமில்லாதது'ன்னு குறிச்சேன். அது பொய் இல்லையே சார். அப்புறம் சாப்பிடப் போனேன், குழம்புல காரம் கொஞ்சம் தூக்கல்.

மறுநாள் கூட்டத்துல நாலு புள்ளியையும் திரையில போட்டேன். "எனக்கு ஒண்ணுமே வரலையே சார்"ன்னாங்க. "சிஸ்டம் பொய் சொல்லாது டீச்சர்"ன்னு சொல்லிக்கிட்டே, நிறுத்தி வெச்ச கேள்விகளை அவங்களுக்குப் போக விட்டேன். நாலாவதைப் படிச்சதும் எழுந்து ஓடினாங்க. திரையில காலி நாற்காலி மட்டும் சுத்திக்கிட்டிருந்தது. அண்ணன்காரன் போய்ச் சேர்ந்தப்ப வீடு பூட்டியிருந்ததாம். ஞாயிற்றுக்கிழமைதான் அந்தப் பொண்ணு கிடைச்சா. உயிர் இல்லை.

டீச்சர் வேலையை விட்டுட்டாங்க. "எப்படி சார் என் கண்ணுல படாம போச்சு?"ன்னு என்கிட்டயே கேட்டு அழுதாங்க. "மனசைத் தளர விடாதீங்க"ன்னேன். தலைமை எனக்கு வந்தது. எந்த பட்டனை யார் எத்தனை மணிக்கு அழுத்தினாங்கன்னு சிஸ்டம் எழுதி வெக்கும்; ஊரார் தாமதத்தையெல்லாம் அதுல தேடித் தேடிப் பிடிச்ச எனக்கு, என் பேரும் அதுல இருக்கும்னு தோணவே இல்லை.

கழுத்தை நெரிச்சது புருஷன். ஆனா நிறுத்தினது நான், படிச்சது நான், நம்பர் கையில இருந்தும் கூப்பிடாதது நான். வாக்குமூலத்துல எழுதிக்குங்க.

இதையும் எழுதுங்க. அந்தப் பொண்ணுக்காக இரங்கல் கூட்டம் வெச்சேன். நான் பேச ஆரம்பிச்சதும் ஒவ்வொரு கட்டமா வெளிச்சம் வந்தது. ஒரு கறுப்புக் கட்டம் பாக்கியில்லை. எல்லாரும் அழுதாங்க, ஒருத்தரும் பாதியில போகல. அவளுக்காகத்தான் கேமரா போட்டாங்கன்னு இயக்குநர் சொல்றார். இருக்கலாம் சார். ஆனா பார்த்தது என்னைத்தானே.