யாருக்கும் பயன்படாத கரடு

சிவகாசிப் பேருந்தில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். காலடியில் ஆவாரம்பூ மூட்டை. மூத்தவள் சொன்னதைக் கேட்டுச் செய்தித்தாளை மடித்தேன்.

"நம்ம கரட்டுல ஒரு புல்லுகூடப் பிடுங்குறதில்லன்னு கையெழுத்துப் போட்டுட்டேன்டி."

"ஏன் மதினி? ஆடு அம்புட்டும் அங்கனதான மேயுது?"

"கூறுகெட்டவளே, மேய்ச்சல் நிலத்தால உங்களுக்கு என்ன பலன்னு ஆபீசருக வீடு வீடா வந்து கேக்காக. சும்மாவா கேப்பாக? அபராதம் போடத்தான்."

"விறகு?"

"கேஸ்லதான் சமைக்கிறேன்னேன்."

"ஆவாரம்பூ?"

"கண்ணால பாத்ததே இல்லன்னுட்டேன். ஊரே அப்படித்தான் சொல்லுச்சு."

நான் முப்பது ஆண்டுகள் வருவாய்த் துறையில் கோப்பு தள்ளியவன். இப்படி ஒரு கரட்டுப் புறம்போக்கைக் கம்பெனிக்குக் கொடுக்க, 'அது எங்களுக்குப் பயன்படவில்லை' என்று ஊராரே எழுதித் தருவதைவிடச் சுத்தமான தாள் கிடையாது.

இளையவள் மெதுவாகக் கேட்டாள்: "கரட்டோரமா நேத்து வேலிக்குக் கல்லுக்கால் இறக்கியிருக்காகளே மதினி, அது எதுக்கு?"

"எவன் வேலி போட்டா நமக்கென்ன? நாமதான் அங்கன போறதே இல்லயே!"

மூத்தவள் தொடையில் தட்டிச் சிரித்தாள். இளையவள் குனிந்து, பூ மூட்டையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.