செட்டில் சொருகிய ஃபோன்

எண்ணூர் பஸ்ஸில் என் முன்சீட்டில் இருவர். பேச்சிலிருந்தே மாமனும் மச்சானும் என்று தெரிந்தது. நேற்று எரித்த மச்சானின் சித்தப்பாவுக்கு இன்று பால் தெளிக்கப் போகிறார்கள். பால் தூக்கு மச்சான் மடியில் இருந்தது.

“எழவு வூட்ல எவனாவது ஃபோன ஸ்டீரியோ செட்டுல சொருவுவானாடா?” என்றார் மாமன், பஸ்ஸே திரும்பிப் பார்க்கும் குரலில்.

“ஒப்பாரி கேசட்டு நாடா சிக்கிகிச்சி மாமா. ஃபோன்ல பாட்டு இருந்திச்சி. ஒயர் வாங்கியாந்து மாட்னேன்.”

“பொணத்த நடுவுல வெச்சிகினு டப்பாங்குத்து ரிங்டோன் அலறிச்சாமே! சோறுதான துன்ற நீ?”

“பதட்டத்துல கட் பண்றதுக்கு பதிலா எட்த்துட்டேன். ஒயர் மாட்டிகினு கீதில்ல, பேசறவன் கொரலும் ரெண்டு பாக்ஸ்லயும் வந்துச்சி.”

“தூ! அந்த நேரத்துல ஃபோன் பண்ண முண்டம் எவன்டா? அவனுக்கு இன்னா அறிவு கீது?”

மச்சான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: “நீதான் மாமா. ‘கேரம் ஆடிகினு கீறேன்டா, டூட்டில மாட்டிகினேன்னு உங்க அக்காகிட்ட சொல்லிடு’ன்னியே. தெருவே கேட்டுச்சி. அக்கா தலமாட்டுலதான் குந்திகினு இருந்துச்சி.”



அவர்கள் இறங்க வேண்டிய தேரடி வந்தது. மச்சான் தூக்கோடு எழுந்து, “வா மாமா, அக்கா உனுக்காகத்தான் காத்துகினு கீது” என்றார்.

மாமன் அசையவில்லை. கண்டக்டரிடம் கையை நீட்டினார்.

“எண்ணூருக்கு ஒன்னு குடுப்பா.”