புல்லுக்கு ஒரு சனிக்கிழமை

டீ கொஞ்சம் கசப்பாகத்தான் இருக்கும், கான்ஸ்டபிள் அம்மா. அந்த உரமூட்டை மேல் உட்காருங்கள், நாற்காலியைவிட மெத்தென்று இருக்கும். கேட்டிலிருந்து இந்தக் கொட்டகை வரை ஓரமாகவே சுற்றிக் கூட்டிவந்தேன் என்று தப்பாக நினைக்க வேண்டாம். இந்த மைதானத்துப் புல்லைப் பார்த்துக்கொள்கிற முப்பத்தொரு வருஷமாக எல்லோரையும் அப்படித்தான் கூட்டிவருகிறேன்.

உங்களைக் கூப்பிட்டது கெர்ஷா விஷயமாக. எங்கள் ஸ்கார்பெக் டவுன் கிளப்பின் தலைவராக இருந்தாரே, குளியலறை ஓடு விற்கிற டெரிக் கெர்ஷா. ஜனவரியில் அந்தக் கோப்பை ஆட்டத்தன்று மைதானம் முழுக்கப் பனிக்கட்டியாகக் கிடந்ததே, அது அவர் வேலைதான், நிலத்தை விற்றுக் காசு பார்க்கத்தான் அப்படிச் செய்தார் என்று ஊரே பேசுகிறது. அவர் கடைக் கண்ணாடியில் யாரோ இறைச்சி அடைத்த சூடான பேஸ்ட்ரியை வீசியிருக்கிறார்கள். கேட்டதிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. அந்த மனிதருக்குக் குழாயின் எந்த முனையில் தண்ணீர் வரும் என்றே தெரியாது. நூற்றுப்பத்து கெஜ நீளம், எழுபது கெஜ அகலம், மூலைக்கு மூலை ஒரே கனம், எங்கும் ஒரு மேடு இல்லை, ஒரு பள்ளம் இல்லை. அப்படிப்பட்ட ஐஸ், ஓடு விற்கிறவர் கையில் வருமா? பழி போட்டாலும் ஆளைப் பார்த்துப் போட வேண்டாமா?

புல்லைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று வைத்துக்கொள்கிறேன். அதில் வெட்கப்பட எதுவுமில்லை, ஊரில் யாருக்கும் தெரியாது. புல் நவம்பரில் தூங்கப் போகும், மார்ச்சில் கண் விழிக்கும். நடுவில் அதை எழுப்பக் கூடாது. ஆனால் கால்பந்து ஆட்டத்தைக் கண்டுபிடித்த மகராசன் அதைக் குளிர்காலத்தில்தான் ஆட வேண்டும் என்று வைத்துவிட்டுப் போய்விட்டான். அதையும் நான் பொறுத்துக்கொண்டேன். பதினைந்து நாளைக்கு ஒரு சனிக்கிழமை, இரண்டு மணி நேரம், இருபத்திரண்டு பேர். அது நியாயம். எனக்கும் புல்லுக்கும் அந்த ஒப்பந்தம் ஒத்துப்போனது.

போன ஆகஸ்டில்தான் எல்லாம் கெட்டது. கிளப் மூழ்கிக்கொண்டிருந்தது உங்களுக்குத் தெரியும். ஆட்டக்காரர்கள் சட்டையை வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைத்தார்கள். வெளியூர் ஆட்டத்துக்குப் போன பேருந்து பாதி வழியில் நின்று, கோல்கீப்பர் இறங்கித் தள்ளினார். எனக்கும் நாலு மாசச் சம்பளம் வரவில்லை, நான் வாயே திறக்கவில்லை. ஆனால் கெர்ஷா மைதானத்தை வாடகைக்கு விட ஆரம்பித்தார். ஞாயிறு காலை மதுக்கடைக்காரர்கள் அணி. ஞாயிறு மாலை நாய்க் கண்காட்சி. ஒரு கல்யாண கோஷ்டி நடு வட்டத்தில் நின்று படம் எடுத்தது. மணப்பெண்ணின் குதிகால் செருப்பு போட்ட ஓட்டைகளை எண்ணிப் பார்த்தேன், நூற்று நாற்பத்தாறு.

போய்க் கேட்டேன். அவர் தோல் அடிப்பாகம் வைத்த ஷூவோடு, கோலுக்கு முன்னாலிருக்கும் பெனால்டி ஏரியாவில் நின்றபடி பதில் சொன்னார்.

"வில்ஃப், புல்லு போனா திரும்ப முளைக்கும். கிளப்பு போனா முளைக்குமாய்யா?"

"அங்க நிக்காதீங்க, தலைவரே. ஆட்கள் உறங்குறாங்க."

உடனே தொப்பியை எடுத்துவிட்டு நகர்ந்துகொண்டார். அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் இந்த ஊரில் எல்லோரும் கட்டுப்படுவார்கள். உயிரோடு இருக்கும்போது கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று தொண்டை வற்றக் கத்தியவர்கள், செத்த பிறகு கம்பத்துக்கு முன்னால் தங்கள் சாம்பலைத் தூவச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். குடும்பத்தார் கலசத்தைக் கொண்டுவருவார்கள். நான் கறுப்பு டை கட்டிக்கொண்டு, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, பதமாகத் தூவுவேன். டீக்கடை மோரீனின் புருஷன் ஆல்ஃபை அப்படித்தான் தூவினேன். உங்கள் அப்பா நார்மனையும் நான்தான். நீங்கள் அப்போது பள்ளிக்கூடச் சீருடையில் வந்திருந்தீர்கள். அழவில்லை, ஆனால் என் கையைப் பிடித்து நன்றி சொன்னீர்கள். எனக்கு அது மறக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரி கடைசிக்குள் கடனை அடைக்காவிட்டால் கிளப்பை மூடு என்று நீதிமன்றம் கெடு வைத்திருந்தது. அப்போது பார்த்துக் கோப்பைக் குலுக்கலில் எங்களுக்கு எதிராளியாக முதல் டிவிஷன் பெரிய அணி விழுந்தது. அதுவும் எங்கள் மைதானத்தில். தொலைக்காட்சிக்காரர்கள் நேரடியாகக் காட்டுகிறோம் என்றார்கள். அந்த ஒரு மத்தியானத்துப் பணத்தில் கடன் மொத்தமும் தீரும். கெர்ஷா டீக்கடை வாசலில் உட்கார்ந்து அழுதுவிட்டார். மோரீன் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தாள்.

"நாப்பது வருஷம் இந்தக் கடையில டீ ஊத்திட்டேன், வில்ஃப். கிளப்பு போயிருந்தா எங்க போவேன் சொல்லு? என் ஆளு வேற இங்கதான கெடக்கான். இனிமே பயமில்லப்பா."

நானும் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்லவில்லை. பிறகு தொலைக்காட்சியிலிருந்து ஒரு பையன் வரைபடத்தோடு வந்தான். எல்லைக் கோட்டை ஒட்டி முழுக்கக் கேபிள். கோலுக்குப் பின்னால் இரும்புச் சாரம் கட்டித் தற்காலிக கேலரி. ஆறாயிரம் பேர். இறுதி விசில் அடித்ததும் கூட்டம் மொத்தமும் உள்ளே ஓடிவரட்டும், அது டிவியில் பார்க்க அழகாக இருக்கும் என்று கெர்ஷாவே சொன்னார். ஆறாயிரம் பேர் என்றால் பன்னிரண்டாயிரம் கால், அம்மா. அதுவும் ஜனவரியில்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குக் குழாயைத் திறந்தேன். வானொலியில் ராத்திரிக் குளிர் மைனஸ் ஆறு டிகிரி என்று சொல்லியிருந்தார்கள். உறைபனியில் மைதானத்தை மூட ரசிகர்கள் சேர்ந்து வாங்கித் தந்த விரிப்புகளை எலி கடித்துவிட்டது என்று முன்பே சொல்லி வைத்திருந்தேன். அவை இந்தக் கொட்டகைக்குப் பின்னால் என் நாற்றங்கால் மேல் பத்திரமாக இருந்தன. மறைந்து செய்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, மூன்று மணி நேரம் தண்ணீர் விட்டேன். கேமராக்காரர்கள் எனக்குக் கையாட்டிவிட்டுப் போனார்கள். மோரீன் மட்டும் டீ கொண்டுவந்து நின்றாள்.

"என்ன வில்ஃப், இந்தக் குளிருல தண்ணி பாய்ச்சுற?"

"வேருக்கு நல்லது, மோரீன்."

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். உனக்குத் தெரியாததா?"

அவள் குரலில் கிண்டல் இல்லை. அதுதான் அவளிடம் எனக்குப் பிடித்த விஷயம்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நடுவர் மைதானத்தைப் பரிசோதிக்க வந்தார். பந்தைத் தோள் உயரத்திலிருந்து போட்டுப் பார்ப்பார்கள், எகிறினால் ஆட்டம் உண்டு. பந்து எகிறியது, பிறகு தானாகவே மூலைக் கொடி வரை வழுக்கிக்கொண்டு போனது. அதை எடுக்கப் போன நடுவரும் பின்னாலேயே போனார். பதினோரு மணி வரை பார்ப்போம், அதற்குள் இளகினால் ஆட்டம் என்றார், உட்கார்ந்தபடியே.

செய்தி எப்படிப் பரவியதோ, அரை மணி நேரத்தில் ஊர் திரண்டுவிட்டது. நானூறு பேர் இருக்கும். கம்பளி, வெந்நீர்ப் பை, தலைமுடி உலர்த்தும் மெஷின், கரி அடுப்பு, கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பாதிரியார் தேவாலயத்து ஹீட்டரையே கழற்றிக் கொண்டுவந்துவிட்டார். எங்கள் சென்டர் ஃபார்வர்டு டேல் பில்லிங், ஒவ்வொரு கோலுக்கும் முழங்காலால் சறுக்கி என் புல்லை ஒன்பது அடி உழுகிறவன், தன் குழந்தையின் மெத்தையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் எல்லோரும் பூட்ஸ் போட்டிருந்தார்கள்.

"வில்ஃப், நீ சொல்லுய்யா. நீ சொல்றபடி செய்றோம்," என்றார் கெர்ஷா.

"எல்லாரும் ஷூவக் கழட்டுங்க," என்றேன்.

"ஐஸு மேலயா?"

"ஆட்கள் உறங்குறாங்க, தலைவரே."

கழற்றினார்கள். நானூறு பேர், வெறும் சாக்ஸோடு. பாதிரியார் சாக்ஸில் இரண்டு ஓட்டை. பத்தடி போவதற்குள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள், எழுந்தார்கள், மறுபடி விழுந்தார்கள். டேல் ஒரு கோலிலிருந்து மறு கோல் வரை மெத்தையோடு போய்ச் சேர்ந்தான், ஆனால் அவன் போக நினைத்த திசை அது இல்லை. இதற்கு நடுவிலும் ஒருத்தர்கூட என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. கால் விறைத்துப்போய், பல் கிட்டிப்போய், "இப்பப் பரவால்லயா, வில்ஃப்? இங்க எளகுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இரண்டரை மணி நேரம். பதினோரு மணிக்கு நடுவர் தலையை ஆட்டிவிட்டார். ஆட்டம் ரத்து.

தொலைக்காட்சி வண்டிகள் வேறு ஊருக்குக் கிளம்பிப் போயின. பத்து நாள் கழித்து அந்த ஆட்டம் எதிரணி மைதானத்தில் நடந்தது. கேமரா இல்லை, ஆறு கோல் வாங்கித் தோல்வி. ஜனவரி முப்பத்தொன்று அன்று கிளப்பை மூடினார்கள். நூற்றுப் பதினாறு வருஷத்துக் கிளப். டேல் இப்போது கிடங்கில் மூட்டை தூக்குகிறான் என்று கேள்வி. மோரீன் கடைசி நாள் கடையைக் கழுவி, சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஆல்ஃப மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோயிடறேன், வில்ஃப். கொஞ்சம் மண்ணு வெட்டிக் குடுப்பியா?"

பெனால்டி ஏரியாவில், ஆல்ஃபைத் தூவிய அதே இடத்தில், ஒரு சாண் சதுரம் புல்லோடு வெட்டிக் கொடுத்தேன். ஜன்னலில் தட்டில் வைத்திருக்கிறாள், தினமும் அதோடு பேசுகிறாளாம். நல்ல புல். ஆனால் தண்ணீர் அதிகம் விடுகிறாள்.

எதை அப்படிப் பார்க்கிறீர்கள்? ஓ, பின்னால் இருக்கும் அந்த மூன்று வாளிகளையா? காலி வாளிதான், மூடியைத் திறந்து பாருங்கள். அதையும் சொல்லிவிடுகிறேன், மறைக்க எனக்கு ஒன்றுமில்லை.

மனிதச் சாம்பல் புல்லுக்கு ஆகாது, அம்மா. வேரைச் சுட்டுவிடும். முதல் வருஷம் பெனால்டி ஏரியா முழுக்க வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு குடும்பத்தார் கேட்டைத் தாண்டும் வரை காத்திருந்து, மெல்லிய துடைப்பத்தால் கூட்டி வாளியில் போட்டுவிடுவேன். தூக்கி எறியவில்லை, மூடி போட்டு வைத்திருந்தேன். ஆல்ஃபும் உங்கள் அப்பாவும் ஒரே வாளியில்தான் இருந்தார்கள். எப்போதும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆட்டம் பார்த்தவர்கள், நான் பிரிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை, கேட்டிலிருந்து மைதானம் வரைக்கும் நடைபாதையும் உறைந்து கிடந்தது. கிழவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் எல்லாம் வரப்போகிறார்கள், விழுந்தால் என்ன ஆகும்? உப்புப் போடலாம், ஆனால் உப்பு காலோடு ஒட்டி உள்ளே வந்து புல்லைக் கொன்றுவிடும். சாம்பல் நல்ல பிடிமானம் கொடுக்கும். மூன்று வாளியையும் பாதை நெடுகப் பரப்பினேன். ஷூவைக் கழற்றச் சொன்னது எதற்கு என்று இப்போது புரிகிறதா? சாம்பலும் உள்ளே வராது. மோரீன் கொதிக்கிற டீ அண்டாவைத் தூக்கிக்கொண்டு அந்தப் பாதையில் வந்தாள். ஒரு அடி சறுக்கவில்லை. ஆல்ஃப் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பான். நடைபாதையில் அன்று ஒருத்தர்கூட விழவில்லை, அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். மறு வாரம் மழை பெய்தது, பாதையும் சுத்தமாகிவிட்டது.

எழுந்துவிட்டீர்களே. டீயைத் தொடவே இல்லை. நான் உங்களோடு ஸ்டேஷனுக்கு வருகிறேன், தகராறு ஒன்றும் செய்யமாட்டேன். கதவைத் திறக்கிறேன், ஒரு நிமிஷம் வெளியே பாருங்கள். ஏப்ரலில் இப்படி ஒரு பச்சையை இந்த மாவட்டத்தில் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? ஊரே கிளப், கிளப் என்று அழுகிறது. கிளப்புக்காக எதையாவது காப்பாற்றி வைத்தது நான் ஒருத்தன்தான். நாளைக்கே யாராவது வந்து கிளப்பைத் திறந்தால், மைதானம் தயார்.

அந்தப் பக்கம் இல்லை, அம்மா, இப்படி ஓரமாக வாருங்கள். கோபம் இருக்கட்டும், பூட்ஸோடு குறுக்கே போகாதீர்கள், அது பெனால்டி ஏரியா. கொஞ்சம் மரியாதை வேண்டாமா? அங்கே ஆட்கள் உறங்குகிறார்கள்.