முப்பத்தொரு மைலுக்கான விளக்கம்

ஜொகூர் பாரு போலீஸ் நிலையத்தில் 1934-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 15-ஆம் தேதி வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கொடுக்கப்பட்ட வாக்குமூலம்.

என் பெயர் சோமசேகரம். தகப்பனார் பெயர் கதிரவேலு. வயது அறுபத்து நான்கு. பிறந்த ஊர் யாழ்ப்பாணம், மானிப்பாய். நான் ஜொகூர் அரசாங்கத்தில் இருபத்தொன்பது வருஷம் நில வரைபடம் வரையும் வேலை பார்த்து, 1928-ஆம் வருஷம் பென்ஷன் பெற்றேன். என் மனைவி செல்லப்பாக்கியத்துடன் இந்த நகரத்திலேயே, பாசார் பக்கத்துச் சந்தில் வசிக்கிறேன். பிள்ளைகள் இல்லை. எனக்கு ஆங்கிலம் எழுதப் பேசத் தெரியும். ஆனாலும் இதைத் தமிழிலேயே எழுதிக்கொள்ளுமாறு சார்ஜெண்டு அவர்களையும் மொழிபெயர்ப்பாளர் அவர்களையும் கேட்டுக்கொண்டேன். காவலில் இருக்கும் அய்யாவு என்பவருக்கு இது வாசித்துக் காட்டப்பட வேண்டும் என்பதும், அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்பதும் காரணம்.

ஜே 1763 என்ற எண்ணுள்ள சின்ன ஆஸ்டின் கார் என்னுடையது. சிங்கப்பூரிலிருந்து ஊருக்குத் திரும்பிய ஒரு துரையிடம் 1931-இல் வாங்கினேன். நான் பயந்த சுபாவம் உள்ளவன். பெரிய காரை என்னால் ஆள முடியாது என்று தோன்றியது. இது கட்டில் அளவுதான் இருந்தது. பெட்ரோலும் மிகக் குறைவாகவே பிடிக்கும். இந்தக் காரில் நானும் மனைவியும் கோயிலுக்கும் பாசாருக்கும் போவோம். ஒரே ஒரு முறை ஆயர் ஈத்தாம் வரை போய் இரண்டு பூச்சாடிகள் வாங்கி வந்தோம். இருபது மைல் வேகத்துக்கு மேல் நான் ஓட்டியதில்லை. மூட்டு வலியால் ரிக்‌ஷாவில் ஏற முடியாதிருந்த என் மனைவி மூன்று வருஷமாக வெளியே போய் வருவது இந்தக் காரால்தான். அதற்கு நான் நன்றியுள்ளவன்.

கார் வாங்கிய நாளிலிருந்து ஒரு கோடு போட்ட புத்தகத்தில் ஒவ்வொரு பயணத்தையும் எழுதி வருகிறேன். தேதி, ஓடிய மைல், செலவான பெட்ரோல், காரணம் என்று நான்கு பத்திகள். பெட்ரோல் தொட்டி காரின் முன்மூடிக்கு அடியில் இருக்கிறது. அரைக்கால் காலனுக்கு, அதாவது காலனில் எட்டில் ஒரு பங்குக்கு, ஒரு வெட்டு வீதம் நானே அடையாளம் வைத்த ஒரு மூங்கில் குச்சியை அதில் விட்டு ஈரம் பார்ப்பேன். என் கணக்கில் கார் ஒரு காலனுக்கு முப்பத்தெட்டு மைல் கொடுக்கும். அதற்கு மேல் கொடுத்ததில்லை.

அய்யாவு என்பவர், வயது முப்பது இருக்கும், எங்கள் சந்து முனையில் உள்ள எண்ணெய்க் கடையில் கார்களுக்குப் பெட்ரோல் ஊற்றும் வேலை செய்கிறார். முன்பு உலு திராமுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் லாரி ஓட்டியவர், லைசென்ஸ் உள்ளவர். அங்கு கணக்கு எழுதும் கிராணியாரோடு வாய்த்தகராறு ஏற்பட்டு வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர் என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் என் காரைக் கழுவித் தருவார். நான் குச்சியை விட்டுப் பார்ப்பதைக் கண்டால், "ஐயா வண்டி எங்க எண்ணெய் குடிக்குது? மோந்து பாத்துட்டுப் போயிருதுலா. இப்படியே போனா எங்க மொதலாளி கடைய மூடிருவாரு" என்று சொல்லிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். அவரோடு எனக்கு எந்த மனத்தாங்கலும் கிடையாது.

இந்த மாதம் 11-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்ட பிறகு, வழக்கம்போல் ஒன்றரை மணிக்கு நான் அறையில் படுத்தேன். அதன் பிறகு இரண்டு மணி அடித்துச் சற்று நேரத்தில் வாசலில் அய்யாவுவின் குரல் கேட்டது. அவர் ஓடி வந்தவர்போல மூச்சு வாங்கிப் பேசினார்.

"அம்மா, ஐயா இருக்காங்களா? தோட்டத்துல தங்கச்சி கிருஷ்ணம்மாவுக்கு நேத்து காலையிலேருந்து வலிம்மா. புள்ள திரும்பலன்னு மருத்துவச்சி கைய விரிச்சிட்டா. கிராணி லாரி தர மாட்டேங்குறானாம். ஆளு சைக்கிள்ல வந்து சொல்றான்."

என் மனைவி, "அவர் நித்திரை. நில்லும், திறப்பு எடுத்துக்கொண்டு வாறன்" என்றார். திறப்பு என்று எங்கள் பக்கத்தில் சாவியைச் சொல்வது. அந்தச் சாவி என் கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கும். அதன் பிறகு மனைவி அறைக்குள் வந்தார். சாவி ஆணியில் உரசியது. மனைவி உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் கட்டிலருகே நின்றார். அவர் சேலையில் அரைத்த மஞ்சள் வாசம் வந்தது. அதன் பிறகு போய்விட்டார்.

இந்த விவரங்கள் எனக்கு எப்படித் தெரியும் என்று சார்ஜெண்டு கேட்டார். நான் தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன்.

அப்படி இருந்ததற்குக் காரணம் பயம். நான் எழுந்தால், காரின் சொந்தக்காரன் என்ற முறையில் நானே ஓட்ட வேண்டி வரும் என்று நினைத்தேன். வலியில் இருக்கும் பெண்ணை வைத்துக்கொண்டு அந்தத் தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓட்ட எனக்குத் தைரியம் இல்லை. முடியாது என்று சொல்லவும் தைரியம் இல்லை. ஆகையால் அசையாமல் கிடந்தேன். கார் கிளம்பும் ஓசையும் சந்து முனையில் திரும்பும் ஓசையும் கேட்டன. அது நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டும் என்று மனத்துக்குள் நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு நான்கு மணிக்கு எழுந்து தேநீர் குடித்தேன். காரைப் பற்றி நான் கேட்கவில்லை, மனைவியும் சொல்லவில்லை. மாலை ஆறேகாலுக்குக் கார் திரும்பி வந்தது. அய்யாவு அதைக் கழுவித் துடைத்து, நான் வழக்கமாக நிறுத்தும் இடத்தில், முன் சக்கரம் செங்கல்லைத் தொடும்படி நிறுத்தியிருந்தார். பின் இருக்கைக்கு விரித்திருந்த துணியைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தார். நான் வாசலுக்குப் போகுமுன் அவர் போய்விட்டார். மனைவி என்னிடம், "அய்யாவு எங்கட காரைத்தான் கொண்டு போனவர். தங்கச்சியைப் பெரியாஸ்பத்திரியில சேர்த்து, அஞ்சு மணிக்கு ஆம்பிளைப் பிள்ளை. தாயும் சுகம்" என்றார்.

நான் "அப்படியா?" என்று கேட்டேன்.

அந்த ஒரு சொல்லைச் சொன்ன பிறகு என்னால் பின்வாங்க முடியவில்லை. மறுநாள் திங்கட்கிழமை காலை புத்தகத்தை எடுத்துக்கொண்டு காரிடம் போனேன். மைல் காட்டும் கருவியில் முப்பத்தொரு மைல் கூடியிருந்தது. எண்ணெய்க் கடையிலிருந்து பதினாலாம் மைல் கட்டை வரை பதினாலு மைல், அங்கிருந்து தோட்டத்துக்குள் ஒன்றரை மைல், திரும்பி அதே தூரம் (ஆஸ்பத்திரி அந்த வழியிலேயே இருக்கிறது) என்று கூட்டினால் அது சரியாக முப்பத்தொன்று. காரணம் என்ற பத்தியை மூன்று வருஷத்தில் ஒரு நாளும் நான் காலியாக விட்டதில்லை. விடவும் மனம் வரவில்லை. தூங்குவதாகப் பாசாங்கு செய்ததை எழுதவும் கை வரவில்லை. ஆகையால் "சொந்தக்காரரின் அறிவும் அனுமதியும் இன்றி" என்று எழுதினேன். அதை ஒருவரும் படிக்கப் போவதில்லை என்று நினைத்தேன்.

அதன் பிறகு செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குச் சார்ஜெண்டு அவர்களும் ஒரு கான்ஸ்டபிளும் என் வீட்டுக்கு வந்தார்கள். நுழையக் கூடாதென்று விலக்கப்பட்ட அய்யாவு, திருட்டுக் காரில் தோட்டத்துக்குள் வந்து ஒரு கூலிப் பெண்ணை ஏற்றிக்கொண்டு போனதாகக் கிராணியார் புகார் எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொன்னார்கள். என் மனைவி, "நான்தான் திறப்பு குடுத்தனான்" என்று இரண்டு முறை சொன்னார். கார் புருஷன் பெயரில் இருப்பதால் புருஷன்தான் சொல்ல வேண்டும் என்றார் சார்ஜெண்டு. அவர் சொன்னதில் தவறில்லை. மேசைமேல் இருந்த புத்தகத்தை அவர் பார்த்தார். இது உங்கள் எழுத்தா என்று கேட்டார். ஆம் என்றேன். எழுதியிருப்பது சரியா என்று கேட்டார். சரி என்றேன், புத்தகத்தை அவர் எடுத்துக்கொண்டார்.

அதன் பிறகு எண்ணெய்க் கடையில் அய்யாவுவைப் பிடித்தார்கள். நான் சந்து முனை வரை போனேன். அய்யாவு என்னைக் கண்டதும் நின்று, "ஐயா, அனுமதியில்லன்னு நீங்க எழுதி வச்சிருக்கீங்கன்னு சொல்றாங்களே?" என்றார். கான்ஸ்டபிள் அவர் தோளைத் தள்ளினார். சில அடி போன பிறகு அவர் திரும்பி, "ஐயா, பிரேக்கு இடது பக்கம் இழுக்குது. மழையில மெதுவா மிதிங்க. அம்மா முன்னால ஒக்காந்திருப்பாங்க" என்றார்.

மறுநாள் காலை அந்தப் பிரேக்கைச் சோதித்தேன். இடது பக்கம் இழுத்தது உண்மை.

புதன்கிழமையாகிய நேற்று மாலை மனைவி கட்டாயப்படுத்தியதால் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கிருஷ்ணம்மா என்பவரை அப்போதுதான் முதல் முறை பார்த்தேன். வயது இருபது இருக்கலாம். எழுந்து உட்கார முயன்றார். நாங்கள் தடுத்தோம்.

"ஐயா காரு குடுக்கலேன்னா நானும் இல்ல, புள்ளையும் இல்லைங்க. மேடு பள்ளம் வந்தா அண்ணன் மாட்டு வண்டி மாதிரி ஓட்டிச்சு. 'ஐயா காரு, அலுங்கக் கூடாது'ன்னு சொல்லிக்கிட்டே வந்துச்சு. நான் அலுங்குறது பத்திக் கவலையில்ல போலன்னு அந்த வலியிலயும் எனக்குச் சிரிப்பு" என்றார். பிறகு, "அண்ணன் ரெண்டு நாளா காணோமே ஐயா, வேலை சாஸ்தியா?" என்று என்னிடம் கேட்டார்.

நான் குழந்தையைப் பார்த்தேன். என் மனைவி, "ஓம் பிள்ளை, வேலையிலதான் நிக்கிறார்" என்று சொன்னார். நாற்பது வருஷத்தில் என் மனைவி பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குப் பதிலாக அதைச் சொன்னார்.

அதன் பிறகு காரில் திரும்பி வந்தோம். பாதி வழியில் மனைவி, "நீங்கள் அண்டைக்கு முழிப்பாத்தான் கிடந்தனீங்கள்" என்றார். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "நீங்கள் நித்திரையெண்டால் குறட்டை விடுவீங்கள். அண்டைக்கு வீடு அமைதியாக் கிடந்தது. நான் நிண்டு பார்த்தனான், எழும்புவீங்களோ எண்டு" என்றார். இதைப் போலீஸிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அது நீங்கள் சொல்ல வேண்டியது" என்றார். நான் காரைச் செங்கல்லில் நிறுத்திவிட்டு, இன்று காலை இங்கே வருவதென்று முடிவு செய்தேன்.

சனிக்கிழமை வழக்கு மாஜிஸ்திரேட்டு முன் வருகிறது என்றும், என் புத்தகத்தின் அந்த ஒரு வரிதான் முக்கிய சாட்சியம் என்றும், அய்யாவுக்குச் சிறையும் லைசென்ஸ் இழப்பும் ஏற்படலாம் என்றும் சார்ஜெண்டு எனக்கு விளக்கினார். அந்த வரி பொய். செவ்வாய்க்கிழமை நான் "சரி" என்று சொன்னதும் பொய்.

நீங்கள் அனுமதி கொடுத்தீர்களா, இல்லையா என்று சார்ஜெண்டு கேட்டார். வாயால் கொடுக்கவில்லை. தடுக்க ஒரு வார்த்தை போதும், அதையும் சொல்லவில்லை. கார் நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டும் என்று நினைத்ததை முன்பே சொல்லியிருக்கிறேன். அந்த நினைப்பைச் சட்டம் அனுமதியென்று ஏற்குமானால், அது முழு மனதோடு கொடுத்த அனுமதி. என் மனைவி சாவியைக் கொடுத்தது என் வீட்டு எஜமானி என்ற உரிமையில். அது சரியான செயல். நான் செய்திருக்க வேண்டியதும் அதுவே.

புத்தகத்தைப் பற்றி இன்னொரு விஷயமும் சொல்ல விரும்புகிறேன். இது வழக்குக்குத் தேவையா என்று எனக்கு நிச்சயமில்லை. அன்று முப்பத்தொரு மைலுக்குக் குச்சியில் ஆறு வெட்டுதான் குறைந்திருந்தது. அதாவது முக்கால் காலன். காலனுக்கு நாற்பத்தொரு மைலுக்குச் சற்று மேல் வருகிறது. அய்யாவு தம் கையால் பெட்ரோல் ஊற்றி ஈடு செய்தாரோ என்று கடையில் கேட்டேன், இல்லை என்றார்கள். நான் வெறும் காரை நல்ல சாலையில் ஓட்டி ஒரு நாளும் பெறாத கணக்கு இது. அவர் வயிற்றுப் பிள்ளையோடு சேர்த்து மூன்று பேர் பாரத்துடன் செம்மண் பாதையில் போய் வந்து பெற்றிருக்கிறார். திருடிக்கொண்டு போகிறவன் ஒரு காரை அவ்வளவு பதமாக ஓட்டமாட்டான். நான் மூன்று வருஷமாகக் கணக்கு எழுதியதில் ஏதும் பயன் உண்டென்றால் அது இதுவே என்று நினைக்கிறேன்.

அய்யாவுக்கு நான் நன்றிக்கடன் பட்டவன். என் கார் ஒருமுறையாவது செய்ய வேண்டிய வேலையை என்னையும் மீறிச் செய்ய வைத்தவர் அவர். என் பேரில் பொய்ச் சாட்சியத்துக்கு நடவடிக்கை எடுப்பதானால் நான் மறுக்க மாட்டேன். அவரை ஜாமீனில் விட ஆள் வேண்டுமென்றால் நான் இங்கேயே இருக்கிறேன்.

இறுதியாக, சாட்சியாக வைக்கப்பட்டிருக்கும் புத்தகத்தில் பழைய வரியை அழிக்காமல் அதன் கீழே ஒரு வரி எழுத அனுமதி கேட்டேன். சார்ஜெண்டு அனுமதித்தார். அவர் முன்னிலையில் என் கைப்பட எழுதியது பின்வருமாறு:

"11-3-34. முப்பத்தொரு மைல். முக்கால் காலன். காரணம்: பிரசவம். ஓட்டியவர் அய்யாவு. சொந்தக்காரர் விழித்திருந்தார்."

இந்த வாக்குமூலம் எனக்கு வரிக்கு வரி வாசித்துக் காட்டப்பட்டது. இரண்டு இடத்தில் திருத்தம் சொன்னேன், திருத்தப்பட்டது. ஒருவர் தூண்டுதலும் இல்லாமல், நல்ல நினைவோடு நானே சொன்னது. இதில் உள்ளது அத்தனையும் உண்மை. செவ்வாய்க்கிழமை சொன்னதற்குப் பதிலாக இதையே ஏற்கும்படி கேட்டுக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) க. சோமசேகரம்