சம்பளக் குறைப்புக்கு ஒரு நன்றி

"சம்பளத்தைக் குறைச்சவனுக்குக் கைகுடுத்து நன்றி சொன்ன முதல் ஆள் நீதான்ரா தம்பி!"

லண்டன் ஹவுன்ஸ்லோ பஸ்ஸில் என் முன் இருக்கையில் இருந்தவர் சொன்னார். கவுன்சில் குப்பை லொறிக்காரரின் மேற்சட்டை போட்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் தனியார் கம்பனியின் சீருடையில் இருந்தார்.

"வேறை என்ன செய்யிறது, அண்ணை? கையெழுத்து வைக்காட்டி வேலை இல்லை எண்டாங்கள்."

"எங்கடை கவுன்சிலும் குறைக்கப் போகுதாம். நாங்கள் உன்னைப்போலக் கும்பிடமாட்டம். ஸ்ட்ரைக்தான்!"

"செய்யுங்கோ. போனமுறை ரெண்டு கிழமை என்ரை வாசல் நாறினது. வரி கட்டினதும் நான், மூக்கைப் பொத்தினதும் நான்."

"உங்களிட்டை யூனியன் இல்லாதது என்ரை பிழையே?"

"சரி, ஸ்ட்ரைக்குக்கு யூனியன் தபாலிலை அனுப்பின வாக்குச்சீட்டை நிரப்பி அனுப்பினியளோ?"

கவுன்சில்காரர் யன்னல் பக்கம் திரும்பினார்.

"ஃபிரிட்ஜிலை ஒட்டி வைச்சிருக்கிறன்."

"கடைசி நாள் எப்ப?"

"முந்தநாள். லொறியிலை நாங்கள் நாலு பேர். மற்றவன் போடுவான் எண்டு நாலு பேரும் இருந்திட்டம். பாதிப் பேராவது வாக்குப் போடவேணுமாம்; அது காணாதாம், ஸ்ட்ரைக் இல்லையாம்."

இரண்டு தரிப்பு கடந்ததும் அவர் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, சனி ஞாயிறிலை உங்கடை கம்பனியிலை ஷிப்ட் ஏதும் கிடைக்குமோ?"

"கேட்டுப் பாக்கிறன், அண்ணை. ஆனால் மனேஜருக்கு முன்னாலை யூனியன் கதை கதைச்சுப்போடாதேங்கோ."