பிஸ்கட் ஆறுற நேரம்

சாவி எங்கயும் ஓடிறாதும்மா, அந்தா ஆணியிலதான் தொங்குது. உக்காருங்க. உங்க வீட்டுக்காரரு வெளிப்படி ஏறி மாடியப் பாத்துட்டு வரட்டும். நானே வந்து கதவத் தொறந்து காட்டிருவேன், ஓவன் ஓடிக்கிட்டு இருக்கு, அதான் பாக்கேன். இன்னும் அஞ்சு நிமிசம். விட்டுட்டு வந்தா அடி கருகிரும்.

இல்லல்ல, கேக்கு இல்ல. பிஸ்கட்டு. சாக்லேட் பிஸ்கட்டு, மேல பச்சக் கலர்ல ஐசிங் போடணும். ஆமா, புதினா வாசனதான். தெருமுக்கு வரைக்கும் அடிக்குதாக்கும்? அடிக்கும். ரெண்டு சொட்டு எசன்ஸ் ஊத்துனா ஒரு வாரத்துக்கு வீட்ட விட்டுப் போகாது. தலகாணியில கூட மணக்கும்.

எங்களுக்குக் கிறிஸ்மஸ் கிடையாதும்மா. நெத்தியப் பாருங்க, துன்னூறு. பக்கத்து வீட்டு டீச்சருதான் வேதக்காரவுக. இப்ப நீங்க வாடகைக்குப் பாக்க வந்திருக்கீகள்ல, அந்த வீட்டுக்காரம்மா. ஞானபூரணி டீச்சர். அவுகளும் உங்கள மாதிரி மாத்தலாகித்தான் இந்த ஆமத்தூருக்கு வந்தாக. வந்த எடத்துல மனைய வாங்கி வீட்டையும் கட்டிட்டாக. இருவத்திரெண்டு வருசம் ரெண்டு வீட்டுக்கும் ஒரே செவரு. அங்கன மிக்ஸி ஓடுனா இங்கன டம்ளர் ஆடும்.

வீடு நல்ல வீடும்மா, அதுல ஒண்ணும் கொற சொல்ல முடியாது. கெழக்க பாத்த சன்னலு. போர் தண்ணி லேசா உப்பு, குடிக்க வேன்ல வரும். ஆறு மாசமாப் பூட்டிக் கெடக்கு. வாரத்துக்கு ஒருக்கா நான் போய்த் தூத்து விட்டுருவேன். தூத்திட்டு சித்த நேரம் உக்காந்துட்டு வருவேன். ஆமா, சும்மாதான். இங்கனயும் சும்மாதான உக்காந்திருக்கேன்.

நான் மட்டுந்தாம்மா. எங்க வீட்டுக்காரரு போய் ஆறு வருசம் ஆச்சு. புள்ளைகளும் இல்ல. அப்பிடி மொகத்த வச்சுக்கிடாதீக, பழகிப் போச்சு. ரேஷன் கார்டுல ஒத்தப் பேரு.

இருங்க, மணி அடிச்சிருச்சு. வெளிய எடுத்து வச்சுட்டு வந்துருதேன்.

ஏங்க, இத்தன எதுக்குன்னா கேக்கீக? நாப்பத்தெட்டு இருக்கு. யாரு தின்னப் போறா. எனக்கு சுகரு. ரெண்டு வீட்டுக்குக் குடுப்பேன், மிச்சத்த டப்பாவுல போட்டு வப்பேன். ஒரு ஈடு போட்டா நாப்பத்தெட்டுதான் வரும், அந்தக் கணக்குக்குத்தான் எனக்குச் செய்யத் தெரியும். அவன் எழுதிக் குடுத்தது அப்பிடி.

ஆல்பின். டீச்சர் மகன். இந்தா பாருங்க, அவன் கையெழுத்து. காலண்டர் தாளு பின்னால எழுதியிருக்கான். மைதா, கோகோ பொடி, வெண்ண, பொடிச்ச சீனி, ஒரு முட்ட. கீழ பாருங்க, அடிக்கோடு போட்டு, அத்தை புதினா எல போடக் கூடாதுன்னு எழுதியிருக்கான். சிரிக்காதீக. புதினா பிஸ்கட்டுன்னு அவன் சொன்னதும் நான் நெசமாவே சந்தையில ஒரு கட்டுப் புதினா வாங்கிட்டு வந்து, ஆய்ஞ்சு, கழுவி வச்சுட்டேன். அவன் அதப் பாத்துட்டு அடுப்படியில தரையில உக்காந்துட்டான், சிரிச்சிச் சிரிச்சி. பெறகு விருதுநகர் பஜாருல நாலு கடை ஏறி எசன்ஸ் பாட்டில வாங்கியாந்தான். எலைய அன்னைக்குத் தொவையலு அரச்சோம்.

மதுரையில ஓட்டல் படிப்பு படிச்சான். டீச்சருக்கு இஞ்சினியருக்குப் படிக்க வைக்கணும்னு ஆச. அவன் சமையலுதான் படிப்பேன்னு நின்னுட்டான். அவுக அக்கா வினோலியாதான் பேசி சேத்து விட்டுச்சு. டீச்சரு வீட்டுல ஓவன் கிடையாது. எங்க வீட்டுல இருந்துச்சு. எங்க வீட்டுக்காரரு பட்டாசுக் கம்பெனியில போர்மேன், தீவாளி போனசுல வாங்கிப் போட்டாக. நான் அதுல ரொட்டி சுட்டதத் தவிர ஒண்ணும் செஞ்சதில்ல, துணி போட்டு மூடித்தான் கெடந்துச்சு. அவன் லீவுக்கு வந்தா பையக் கீழ வைக்கும்போதே அத்தை ஓவன் சொகமா இருக்கான்னுதான் கேப்பான். என்னயக் கேக்க மாட்டான், ஓவனத்தான் கேப்பான்.

மொத மொத இந்தப் பிஸ்கட்டச் செஞ்சப்ப எங்க வீட்டுக்காரரு ஒண்ணு வாயில போட்டுட்டு, என்னலே மாப்ள, பல்லு வெளக்குன மாதிரி இருக்குன்னாக. ஆனா ஏழு தின்னாக. நான் எண்ணுனேன்.

இல்லம்மா. அவனும் இல்ல. இவுக போன அதே நாளுதான்.

கிறிஸ்மசுக்கு ரெண்டு நாளைக்கு முன்ன. தீவாளி முடிஞ்சு மூடிக் கெடந்த கம்பெனிய அப்பத்தான் தொறந்திருந்தாக. இங்கயிருந்து ரெண்டு மைலு இருக்கும், கண்மாயத் தாண்டி. மத்தியானம் ஒண்ணர மணி. சன்னல் கம்பி அதிர்ந்துச்சு. நீங்க இந்தப் பக்கத்துக்குப் புதுசு, உங்களுக்குத் தெரியாது. வெடிச் சத்தம் கேட்டா இங்கன யாரும் மொதல்ல வெளிய ஓட மாட்டாக. போனத்தான் எடுப்பாக. தெருவுல எல்லா வீட்டுலயும் ஒரே நேரத்துல ஹலோ ஹலோங்கிற சத்தம் வரும். நானும் அடிச்சேன். இவுக போனு போச்சு. நல்லா ரிங்கு போச்சும்மா. எனக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு, போனு நல்லா இருந்தா ஆளும் நல்லா இருக்கும்னு. திருப்பித் திருப்பி அடிச்சேன், திருப்பித் திருப்பி ரிங்கு போச்சு. கம்பெனிக்குள்ள போனு கொண்டு போகக் கூடாது, வாட்ச்மேன்கிட்டதான் குடுத்துட்டுப் போகணும். அது தெரியும் எனக்கு. பதினஞ்சு வருசமாத் தெரியும். அந்த நேரத்துல மறந்து போச்சு.

அஞ்சு பேரு. அதுல இவுக ஒண்ணு, ஆல்பின் ஒண்ணு.

அவன் எதுக்கு அங்க போனானா.

இந்தாங்க, ஒண்ணு எடுத்துச் சாப்புடுங்க. ஐசிங் இல்லாட்டியும் நல்லாத்தான் இருக்கும். சூடு, பாத்து. உள்ள மெதுவா இருக்குதா? சரி, அப்பன்னா பதம் சரிதான். ஆற ஆற இறுகிரும்.

டீச்சரு என்ன சொல்லுவாகன்னா, அவுக அன்னைக்குக் காலையில அவனத் திட்டிப்புட்டாகளாம். வீட்டுக்கு வெள்ளையடிச்சிக்கிட்டு இருக்கு, ஸ்டார் கட்டணும், சாமான எடுத்து வைக்க ஆளில்ல, இவன் எங்க வீட்டுல வந்து மாவு பெசஞ்சிக்கிட்டு இருக்கான். டீச்சரு செவத்துக்கு அந்தப் பக்கம் நின்னு, ஆம்பளப் புள்ள அடுப்படியில என்னலே பண்ணுத, எங்கயாச்சும் போய்த் தொலையேம்லேன்னு ஒரு சத்தம் போட்டாக. எனக்கும் கேட்டுச்சு. அந்தக் கோவத்துலதான் வண்டிய எடுத்துக்கிட்டு மாமனப் பாக்கக் கம்பெனிக்குப் போயிட்டான்னு சொல்லுவாக. எம்புள்ளையப் போய்த் தொலைன்னு சொன்னேன், போயிட்டான் கற்பகம்னு சொல்லுவாக. ஆறு வருசமா. கோயில்ல பாதிரியாரு சொல்லிப் பாத்தாரு. வினோலியா ஒரு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போச்சு. அவுக மாறல. ராத்திரி செவத்துக்கு அங்கிட்டு அழுகுறது எனக்குக் கேக்கும். ஒரே செவருதான.

அதுக்கு மறு வருசம் அவுக வீட்டுல கிறிஸ்மஸ் கொண்டாடல. அதுக்கடுத்த வருசம் டிசம்பர்ல ஒரு நாள் வந்து இந்தா நீங்க உக்காந்திருக்கிற சேருலதான் உக்காந்தாக. கற்பகம், அவன் செய்யுத பிஸ்கட்டு உனக்குச் செய்ய வருமான்னு கேட்டாக. வரும் டீச்சர்னேன். அதுலயிருந்து வருசா வருசம் ரெண்டு பேருமாச் செய்வோம். நான் சுட்டு எடுப்பேன், அவுக ஐசிங் தடவுவாக. பத்துப் பதினஞ்சு வார்த்த கூடப் பேச மாட்டோம். அவுக தடவுனா ஒரே அளவா, கோடு போட்ட நோட்டுல எழுதுன மாதிரி இருக்கும். ஒண்ணே ஒண்ணு தின்பாக. மிச்சத்தப் பள்ளிக்கூடத்துப் புள்ளைகளுக்குக் குடுத்துருவாக.

ஜூன்ல ரிட்டையர்டு ஆனாக. வினோலியா பாளையங்கோட்டையில நர்சா இருக்கு, வந்து கூட்டிட்டுப் போயிருச்சு. போகும்போது சாவிய என் கையில குடுத்து, உன்னய விட்டா இந்த ஊருல எனக்கு யாரு இருக்கா கற்பகம்னாக. கையப் பிடிச்சிக்கிட்டு விடல. டாக்சிக்காரன் ஆரன் அடிச்சிக்கிட்டே இருந்தான்.

போன்ல பேசுவோம். சாப்பிட்டியா, சாப்பிட்டேன். மழையா, இல்ல. அம்புட்டுத்தான்.

இந்த வருசம் செய்ய வேண்டாம்னுதான் இருந்தேன். நேத்துச் சாயங்காலம் நானாவே விருதுநகர் பஸ்ஸேறிப் போய் எசன்ஸ் வாங்கிட்டு வந்துட்டேன். கடைக்காரன் என்னம்மா உங்க சிநேகிதி வரலையான்னு கேட்டான். சில்லறைய எண்ணி வாங்கிட்டு வந்து பஸ்ஸேறிட்டேன்.

என்ன சொன்னீக? நாளைக்கா?

பாளையங்கோட்டைக்கு? டீச்சர் வீட்டுக்கேவா? அட்வான்ச நேருல குடுத்து எழுதிக்கிடுறதுக்கா. ஆமா, அவுக அப்பிடித்தான், ஆளப் பாக்காம வீட்ட விட மாட்டாக. கார்லயா போறீக. நல்லது.

அப்ப ஒண்ணு செய்யிங்க, ஐசிங்கத் தடவி ஒரு டப்பாவுல போட்டுத் தாரேன், அவுககிட்ட... இல்ல. இருங்க. டப்பா கெடக்கட்டும்.

அம்மா, உங்க பேரு என்னன்னு சொன்னீக? அனுப்பிரியா. அனுப்பிரியா, ஒண்ணு சொல்லுதேன். ஆல்பின் கோவிச்சுக்கிட்டுப் போகலம்மா.

அவுக அம்மா திட்டுனதும் அவன் என்னயப் பாத்து நாக்கத் துருத்திச் சிரிச்சான். டீச்சருக்கு மைக்கே வேண்டாம் அத்தைன்னான். அவ்வளவுதான், மறந்தே போயிட்டான். பிஸ்கட்ட வெளிய எடுத்துத் தட்டுல பரத்தியாச்சு. நான் ஐசிங் கரண்டிய எடுத்துட்டேன். அவன் புடுங்கிக்கிட்டான். சூட்டோட தடவுனா வழிஞ்சிரும், ஒரு மணி நேரம் ஆறணும் அத்தைன்னான். அப்பத்தான் நான் கடியாரத்தப் பாக்கேன். பிஸ்கட்டு வேலையில சோறே வடிக்க மறந்து, காலையில கம்பெனி வேன்ல இவுகளுக்குச் சாப்பாடு குடுத்து விடல. அவசர அவசரமா சோத்த வடிச்சு, ரசத்த வச்சு, தூக்கு வாளியில போட்டேன். ஏலே ஆல்பின், ஆறுற வரைக்கும் சும்மாதான இருக்க, இத மாமாகிட்டக் குடுத்துட்டு வந்துருலேன்னேன். நாலு பிஸ்கட்டும் பொட்டலம் கட்டிக் குடுத்தேன், மாமா சூடாத் தின்னட்டும்னு. என் வண்டிச் சாவியத்தான் எடுத்துக் குடுத்தேன்.

கேட்டுல குடுத்துட்டு வந்துருன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. வாட்ச்மேன் தெரிஞ்ச பையன்னு உள்ள விட்டுட்டாரு. அவன் இவுக சாப்பிடுற வரைக்கும் கூட உக்காந்திருந்திருப்பான். வாளியக் கையோட கொண்டு வரணும்ல.

ஆசுபத்திரியில டீச்சரு தரையில உருண்டு, நான் திட்டுனேன் நான் திட்டுனேன்னு அழுதாக. அப்பவே சொல்லியிருக்கணும். சொல்ல வாயத் தொறந்தேன். அவுக என்னயக் கட்டிப் பிடிச்சிக்கிட்டாக. எனக்கும் அன்னைக்குத்தான தாலி போச்சு, என்னயப் பிடிக்க வேற ஆளு இல்ல. பெறகு சொல்லுவோம், கருமாதி முடியட்டும், வருசம் திரும்பட்டும், வினோலியா கல்யாணம் ஆகட்டும்னு தள்ளிட்டே வந்தேன். சொன்னா செவத்துக்கு அந்தப் பக்கமும் ஆளு இல்லாமப் போயிருமே. அதான். வேற ஒண்ணுமில்ல. அவுக இல்லாம என்னால இருக்க முடியாதுன்னு அவுக நெஞ்ச ஆறு வருசம் எரிய விட்டேன்.

அவுக என்னய மூஞ்சியில துப்பட்டும். அது அவுக இஷ்டம். தன் புள்ள தன் மேல கோவமாப் போகலன்னு அவுகளுக்குத் தெரியணும்ல.

உங்க வீட்டுக்காரரு எறங்கி வாராரு போல. அனுப்பிரியா, நாளைக்கு உங்க கார்ல எனக்கும் ஒரு எடம் இருக்குமா? ஓரமா உக்காந்துக்கிடுவேன். பஸ் வசதி இருக்கும்மா, அதுக்குச் சொல்லல. ரெண்டு தடவ பஸ்ஸேறிட்டேன். ஒரு தடவ சாத்தூர்ல எறங்கிட்டேன், ஒரு தடவ கோவில்பட்டி வரைக்கும் போயிட்டு எறங்கித் திரும்பி வந்துட்டேன். கார்ல போனா நடுவுல எறங்க முடியாதுல்ல, அதுக்குத்தான் கேக்கேன்.